மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகை எப்படிக் கொன்றது?

செல்போன் கோபுரம் வந்த பிறகுதான் பிணந்தின்னிக் கழுகுகள் காணாமல் போயின என்று ஒருவர் சொல்வார். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துதான் காரணம் என்பார் இன்னொருவர். இப்போதெல்லாம் செத்த மாட்டை யார் ஊருக்கு வெளியே போடுகிறார்கள், தின்ன ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டன என்பார் மூன்றாமவர். மூன்றும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றுமே முக்கியக் காரணம் இல்லை.

உண்மையான காரணம் 2004லேயே தெரிந்துவிட்டது. மாட்டுக்குப் போடும் ஒரு வலிநிவாரணி ஊசி. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகை எப்படிக் கொல்லும்? அதுவும் ஒன்றிரண்டை இல்லை, கோடிக்கணக்கில்? இதற்குப் பதில் கிடைக்காததால்தான் பலர் மறுபடியும் கோபுரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் போய்விடுகிறார்கள். காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் காப்பாற்றும் வழியும் தப்பாகிவிடும். அதனால் அடியிலிருந்து பார்ப்போம்.

பருந்து வேறு, பாறு வேறு

வானத்தில் பெரிதாக எது வட்டமடித்தாலும் கழுகு என்று சொல்லிவிடுகிறோம். கோழிக்குஞ்சைத் தூக்கிப் போவது பருந்து. பறந்துகொண்டிருக்கும் பறவையைப் பாய்ந்து பிடிப்பது வல்லூறு. நாம் பேசப்போவது பாறு. பிணந்தின்னிக் கழுகு, பாறு கழுகு, எருவை என்றெல்லாம் இதற்குப் பெயர்கள் உண்டு. சங்கப் பாடல்களின் போர்க்களங்களில் வட்டமிடுவது இதுதான். சீதைக்காகச் சிறகு வெட்டுப்பட்டு விழுந்த சடாயுவையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

இரைகொல்லிப் பறவைகளின் கூட்டத்தில் வைத்து எண்ணினாலும், பாறு எதையும் கொல்வதில்லை. அதன் காலைப் பார்த்தாலே தெரியும். பருந்தின் கால் கொக்கி மாதிரி கவ்வும். பாறின் கால் கோழிக்கால் மாதிரி நடக்கத்தான் லாயக்கு, எதையும் கவ்வித் தூக்க முடியாது. ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போய்விடும் என்று பயப்படுவதில் அர்த்தமே இல்லை. பெரும்பாலும் செத்ததைத்தான் தின்னும். அழுகிய சடலத்துக்குள் தலையை விட்டுத் தின்ன வேண்டியிருப்பதால் தலையிலும் கழுத்திலும் இறகு அதிகம் கிடையாது. அதன் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி உள்ள இறைச்சியைத் தின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இந்தியாவில் 9 வகைப் பாறுகள் உண்டு. தமிழ்நாட்டில் நான்கைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் மலைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போன அந்த இரண்டு பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள். தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தவை, இப்போது வருவதில்லை.

எவ்வளவு இருந்தன, எவ்வளவு போயின

1980களில் இந்தியாவில் சுமார் 4 கோடிப் பாறுகள் இருந்திருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. வெண்முதுகுப் பாறு அப்போது உலகிலேயே மிக அதிகமாக இருந்த பெரிய இரைகொல்லிப் பறவையாக இருந்திருக்கலாம் என்று பறவையியலாளர்கள் எழுதினார்கள். எங்கும் கண்ணில் படும் பறவை என்பதால் யாரும் அக்கறையாக எண்ணிப் பார்க்கவில்லை. காக்கையை யார் எண்ணுகிறோம்?

1990களின் இரண்டாம் பாதியில் ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். அவர் முன்பு எண்ணிவைத்திருந்த கூடுகள் காலியாக இருந்தன. உயிரோடிருந்த சில பறவைகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தன. சில, மரத்தடியில் செத்துக் கிடந்தன.

நாட்டின் பல மாநிலங்களில் சாலைவழிக் கணக்கெடுப்பு நடத்தியபோதுதான் முழு அளவும் தெரிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்திருந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான மெல்லலகுப் பாறும் சேர்ந்து கிட்டத்தட்ட 97 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு பறவையினம் இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு வரலாற்றில் அதிகம் எடுத்துக்காட்டு கிடையாது.

இந்த இடத்தில், முதலில் சொன்ன மூன்று காரணங்களையும் உரசிப் பார்த்துவிடலாம். இந்தியாவில் செல்போன் சேவையே 1995ல்தான் தொடங்கியது, அதுவும் ஒருசில பெருநகரங்களில். கிராமத்துக் கோபுரங்கள் வருவதற்கு முன்பே கிராமத்துப் பாறுகள் விழத் தொடங்கிவிட்டன. டிடிடி போன்ற பூச்சிமருந்துகள் பறவைகளின் முட்டை ஓட்டை மெலிய வைத்துக் குஞ்சு பொரிப்பதைத்தான் கெடுக்கும். இங்கே நன்றாக வளர்ந்த பறவைகள் திடீர் திடீரென்று செத்தன. தீனி இல்லாமல் போனதா என்றால், அதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. மாட்டுச் சடலங்கள் தின்ன ஆளில்லாமல் கிடந்து நாறின.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பாறு பெரும்பாலும் செத்ததைத் தின்னும் பறவை. 15 ஆண்டுகளில் ஏறக்குறைய மொத்தமும் போய்விட்டது. செத்தவற்றில் வளர்ந்த பறவைகளும் ஏராளம், அவை பட்டினியால் சாகவில்லை.

துப்புத் துலங்கிய கதை

முதல் சந்தேகம் தொற்றுநோய் மீது விழுந்தது. ஏதோ ஒரு வைரஸ் பரவுகிறது என்று நினைத்துப் பல ஆய்வகங்களில் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

பாகிஸ்தானின் பஞ்சாபில் லின்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞரும் அவரது குழுவினரும் செத்த பாறுகளைச் சேகரித்து அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் ஒரே காட்சி. இதயத்தின் மேலும் ஈரல் மேலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக ஒரு படிவு. சிறுநீரகம் பழுதாகிச் செத்திருக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். சரி, சிறுநீரகத்தைப் பழுதாக்கியது எது? வைரஸ் இல்லை. பாக்டீரியா இல்லை. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் இல்லை. பூச்சிமருந்தும் இல்லை.

அப்புறம் அவர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். பாறு தின்பது எதை? மாட்டை. அந்த மாட்டின் உடம்புக்குள் என்ன போகிறது? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் போய், மாட்டுக்கு என்னென்ன மருந்து விற்கிறீர்கள் என்று விசாரித்துப் பட்டியல் எடுத்தார்கள். அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது, வாய்வழியாக உள்ளே போனாலும் உடம்பில் சேரக்கூடியது எது என்று சலித்துப் பார்த்ததில் ஒரு பெயர் மிஞ்சியது: டைக்ளோஃபீனாக்.

பிறகு சோதித்தார்கள். சிறுநீரகம் பழுதாகி இறந்த 25 பாறுகளின் உடலில் 25லும் டைக்ளோஃபீனாக் இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13ல் ஒன்றில்கூட இல்லை. இந்த ஆய்வு 2004 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளிவந்தது. அறிவியலில் இவ்வளவு தெளிவாக ஒரு குற்றவாளி பிடிபடுவது அபூர்வம். அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. காரணம் தெரிந்துவிட்டதே, இனி நிறுத்திவிடலாமே என்று. அது எவ்வளவு அவசரப்பட்ட நிம்மதி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊசி சிறுநீரகத்தை என்ன செய்கிறது

டைக்ளோஃபீனாக் நமக்கும் பழக்கமான மருந்துதான். மூட்டுவலி, பல்வலி, முதுகுவலிக்கு மாத்திரையாகவும் ஊசியாகவும் களிம்பாகவும் தருகிறார்கள். ஸ்டீராய்டு வகையைச் சேராமல் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்துகளின் குடும்பம் ஒன்று உண்டு. அதை இந்தக் கட்டுரையில் வலிநிவாரணி என்றே சொல்கிறேன். 1990களில் இது மலிவாகி மாட்டுக்கும் வந்தது. மடிவீக்கம், காய்ச்சல், நொண்டல் எதற்கானாலும் ஓர் ஊசி. மாடு மறுநாள் எழுந்து நிற்கும். கால்நடை வளர்ப்பவர்கள் இதை விரும்பியதில் எந்தத் தப்பும் இல்லை.

மாட்டுக்கு ஒன்றும் செய்யாத மருந்து பாறுக்கு ஏன் நஞ்சாகிறது? இதற்கு காக்கை எச்சத்திலிருந்து தொடங்கலாம். அதில் கருப்பாக இருப்பது மலம், வெள்ளையாகச் சுண்ணாம்பு போல இருப்பது சிறுநீர். புரதத்தைத் தின்னும் எல்லா உயிர்களும் நைட்ரஜன் கழிவை வெளியேற்றியாக வேண்டும். நாமும் மாடும் அதை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைகள் யூரிக் அமிலமாக்கி, கிட்டத்தட்டப் பசையாக வெளியேற்றுகின்றன. பறக்கும் உடம்பில் தண்ணீரைச் சுமக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு சிக்கல் உண்டு: யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் இடைவிடாமல் அதை இரத்தத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

சமையலறைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் திறந்தே இருக்கிறது, கீழே வடிகாலும் திறந்திருக்கிறது. எந்தப் பிரச்சினையும் இல்லை. வடிகால் அடைத்தால்? குழாயை மூட முடியாது என்று வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் தண்ணீர். பாறின் உடம்பில் டைக்ளோஃபீனாக் செய்வது இந்த அடைப்பைத்தான். யூரிக் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்குழாய் செல்கள் செயலிழந்து மடிகின்றன. இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறிக்கொண்டே போகிறது. கரைய இடமில்லாமல் படிகமாகி உள்ளுறுப்புகளின் மேல் படிகிறது. ஓக்ஸ் குழு பார்த்த சுண்ணாம்புப் பூச்சு அதுதான். மனிதர்களுக்கு யூரிக் அமிலம் கூடினால் கால் பெருவிரல் வீங்கி, துணி பட்டாலே துடிக்கும் கவுட் நோய் வருகிறதே, அதே பொருள்தான். பாறுக்கு அது இதயத்தின் மேல் படிகிறது. தின்ற சில நாட்களுக்குள் சாவு, பெரும்பாலும் இரண்டு நாளுக்குள்.

மாட்டின் உடலிலிருந்து இந்த மருந்து சில நாட்களில் வெளியேறிவிடும். ஆகவே ஊசி போட்ட மாடு எல்லாமே ஆபத்து இல்லை. ஊசி போட்டும் பலனில்லாமல் ஓரிரு நாளில் செத்துப்போகிற மாடுதான் ஆபத்து. ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஊசி குத்திய இடத்துச் சதையிலும் மருந்து அதிகமாகத் தேங்கியிருக்கும். அதைத் தின்னும் பாறு தப்பாது.

சுருக்கம்: பறவை யூரிக் அமிலத்தை இடைவிடாமல் வெளியேற்றியாக வேண்டும். டைக்ளோஃபீனாக் அந்த வடிகாலை அடைக்கிறது. ஊசி போட்டு ஓரிரு நாளில் இறந்த மாடுதான் நஞ்சாகிறது.

ஆனால் அப்படி எத்தனை மாடு சாகும்?

எல்லோரும் தடுமாறும் இடம் இது. "நூறு மாடு செத்தால் அதில் ஒன்றுக்குத்தான் முந்தின நாள் ஊசி போட்டிருப்பார்கள். அதற்கா இத்தனை அழிவு?" என்று நம்ப மறுக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் யோசித்தேன். விஞ்ஞானிகள் போட்ட கணக்கு இன்னும் சங்கடமானது. நூறில் ஒன்றுகூட வேண்டாம், அதற்கும் குறைவான சடலங்களில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சி முழுவதையும் விளக்கிவிட முடியும்.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து இப்படி ஆக்குகின்றன. முதலாவது, பந்தி. கல்யாண வீட்டில் ஒரே ஓர் அண்டா சாம்பார் கெட்டுப்போனால் அந்தப் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் வயிறு கெடும். பாறுகள் தின்பதும் பந்திதான். அவை மோப்பத்தால் தீனி தேடுவதில்லை, கண்ணால் தேடுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே உயரத்தில் வட்டமடிக்கும்போது ஒரு கண் கீழே, ஒரு கண் பக்கத்து வானத்தில் வட்டமிடும் பாறின் மேல். ஒன்று சடலத்தைக் கண்டு இறங்கினால் அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அடுத்தது என்று பல கிலோமீட்டரிலிருந்து வந்து கூடிவிடும். ஒரு மாட்டைச் சுற்றிப் பல பத்துப் பறவைகள். கோடி ஆண்டுகளாக அவற்றை வாழவைத்த பழக்கமே இப்போது ஒரே மாட்டில் ஒரு கூட்டத்தைச் சாகடிக்கிறது.

இரண்டாவது, திரும்பத் திரும்பத் தின்பது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 சடலத்தில் ஒன்றுதான் நஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் தப்பிக்க வாய்ப்பு 99.5 விழுக்காடு. பரவாயில்லையே என்று தோன்றும். பாறு மூன்று நாளுக்கு ஒருமுறை தின்றால் ஆண்டுக்குச் சுமார் 120 வேளை. 120 முறையும் தப்பிக்க வேண்டும். 0.995ஐ 120 தடவை பெருக்கினால் கிடைப்பது 0.55. நூறு பாறில் ஓராண்டு முடிவில் 55தான் மிச்சம். ஐந்தாண்டில் 5. பத்தாண்டில் ஒன்றுகூடத் தேறாது. கணக்கெடுப்புகளிலும் வெண்முதுகுப் பாறுகள் ஆண்டுக்கு 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாகத்தான் தெரிந்தது. காகிதத்தில் போட்ட கணக்கும் களத்தில் நடந்ததும் இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

சரி, செத்தால் என்ன, மறுபடி பெருகாதா என்றால், அங்கேயும் அடி. சிட்டுக்குருவி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கைந்து முட்டை இடும். பாறு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். அதிலிருந்து வரும் குஞ்சு வளர்ந்து தான் முட்டையிட ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும். வரவு குறைவு, ஆனால் செலவும் குறைவு என்று நிதானமாக வாழ்ந்த குடும்பம் அது. வளர்ந்த பறவைகள் நீண்டகாலம் வாழ்வதால்தான் ஒரே முட்டையை வைத்துக்கொண்டு இனம் தழைத்தது. அந்த வளர்ந்த பறவைகளையே எடுத்துவிட்டால் வட்டியை இல்லை, முதலையே செலவழிக்கிறோம்.

சுருக்கம்: ஒரு நஞ்சுச் சடலம் ஒரு கூட்டத்தைக் கொல்லும். ஆண்டுக்கு நூறு வேளைக்கு மேல் தின்பதால் சிறு வாய்ப்பும் பெரிதாகிறது. இழப்பை ஈடுகட்டும் வேகம் பாறுக்கு இல்லை.

தடை வந்தது, ஆனால் ஊசி நிற்கவில்லை

2006ல் மாட்டுக்கான டைக்ளோஃபீனாக்கைத் தயாரிக்க இந்தியா தடை விதித்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டிலும், வங்கதேசம் 2010லும் தடை செய்தன. அதே 2006ல் மெலாக்சிகாம் என்ற வேறொரு வலிநிவாரணி பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதனையில் உறுதியானது. மாட்டின் வலிக்கும் மருந்து இருக்கிறது, பாறும் பிழைக்கும். பிரச்சினை முடிந்துவிட்டது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. தடை மாட்டு மருந்துக்குத்தான், மனிதர்களுக்கான டைக்ளோஃபீனாக் கடைகளில் இருந்தது. அதையும் 30 மில்லி குப்பிகளில் விற்றார்கள். மனிதருக்கு ஒருவேளை ஊசிக்கு 3 மில்லி போதும், 30 மில்லி யாருக்கு? மாட்டுக்குத்தான். இந்தப் பெரிய குப்பியை மூட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு, மனிதருக்கான ஊசி மருந்தை ஒருவேளை அளவான 3 மில்லி குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை உறுதி செய்தது. பாறுகளின் வரலாற்றில் அது முக்கியமான தீர்ப்பு. நம் ஊர் நீதிமன்றத்திலிருந்து வந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

அடுத்த ஓட்டை, மற்ற வலிநிவாரணிகள். ஒன்றைத் தடுத்தால் அதன் தம்பி வந்து நிற்கிறது. அசிக்ளோஃபீனாக் என்ற மருந்து மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபீனாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்தான் வேறு. கீட்டோப்ரோஃபேன், நிமசுலைடு, ஃப்ளூனிக்சின் ஆகியவையும் பாறுகளைக் கொல்லும் என்று தெரிந்திருக்கிறது. கீட்டோப்ரோஃபேனையும் அசிக்ளோஃபீனாக்கையும் மாட்டுக்குப் பயன்படுத்த இந்தியா 2023 ஜூலையில்தான் தடை விதித்தது. பிறகு நிமசுலைடும் சேர்ந்தது. பாதுகாப்பான பக்கத்தில் மெலாக்சிகாமோடு டோல்ஃபினாமிக் அமிலமும் இருக்கிறது.

என் கருத்தில் இந்த வரிசையே தலைகீழ். ஒவ்வொரு மருந்தும் பாறுகளைக் கொன்று காட்டிய பிறகு, ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடந்து, அப்புறம் தடை வருகிறது. மாட்டுக்கு ஒரு புதிய வலிநிவாரணியை அனுமதிப்பதற்கு முன்பே அது பாறுக்குப் பாதுகாப்பானதா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்கினால் இந்தத் துரத்தலே தேவைப்படாது.

மருந்து மட்டும்தானா?

இல்லை. எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போன பிறகு, முன்பு சின்னதாக இருந்த ஆபத்துகளும் பெரிதாகிவிட்டன. நாலு கோடியில் நூறு செத்தால் ஒன்றும் தெரியாது. சில நூறே இருக்கும் இடத்தில் நூறு செத்தால்?

அப்படி நடந்தது. 2022 மார்ச்சில் அசாமின் காம்ரூப் மாவட்டத்தில் நஞ்சு வைத்த ஆட்டுச் சடலத்தைத் தின்று நூறுக்கு நெருக்கமான பாறுகள் ஒரே இடத்தில் மாண்டன. பாறுகளுக்கு வைத்த நஞ்சு இல்லை. சிறுத்தையோ புலியோ தெருநாயோ கால்நடையை அடித்துவிட்டால், அது மறுபடி வந்து தின்னும் என்று சடலத்தில் பூச்சிமருந்தைத் தூவிவைக்கிறார்கள். முதலில் வருவது பாறு. தன் ஒரே மாட்டைப் புலிக்குப் பறிகொடுத்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது. இழப்பீடு வாரக்கணக்கில் இழுக்காமல் உடனே கைக்கு வந்தால் அந்த நஞ்சுப் பாக்கெட் பிரிக்கப்படாமலே இருக்க வாய்ப்பு அதிகம். புலியைக் காப்பாற்ற என்று சொல்லித் தரும் பணம் பாறுகளையும் காப்பாற்றுகிறது.

மின்கம்பிகளில் மோதியும் மின்சாரம் தாக்கியும் பாறுகள் சாகின்றன. இரண்டு மீட்டருக்கும் மேல் விரியும் சிறகு, ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைத் தொட்டுவிடும். வட இந்தியாவில் பட்டம் விடும் மாஞ்சா நூல் அறுத்த காயங்கள் வேறு. கூடு கட்ட உயர்ந்த மரங்களும் பாறை முகடுகளும் குறைவது இன்னொன்று.

பாறு போனதால் நமக்கு என்ன ஆனது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பறவையைக் காப்பாற்ற நமக்கு லாபம் காட்டியே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பாறுகள் விட்டுச் சென்ற சடலங்களை நாய்கள் எடுத்துக்கொண்டன. நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி ஆபத்தும் பெருகியது. கிருமிகள் நீர்நிலைகளில் கலந்தன. பாறுகள் முன்பு அதிகமாக இருந்த மாவட்டங்களையும் குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு, பொருளியலாளர்கள் ஏயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் மனித மரணங்களுக்குப் பாறுகளின் அழிவு காரணமாக இருந்திருக்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு. மும்பையில் பார்சி மக்கள் தங்கள் இறந்தோரைப் பாறுகளுக்கு ஒப்படைக்கும் மரபும் பறவைகள் இல்லாமல் நிலைகுலைந்தது.

காப்பது எங்கே நடக்கிறது

காட்டுயிரைக் காப்பது என்றதும் வேலி போட்ட காடு, ரோந்து போகும் வனக்காவலர் என்றுதான் மனதில் வரும். பாறு விஷயத்தில் அது பாதி வேலைகூட இல்லை. பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். காப்பகத்தில் கூடு, சாப்பாடு பக்கத்து மாவட்டத்தில். எந்த வேலியும் அதைத் தடுக்காது. அதன் உயிர் மாட்டுத் தொழுவத்திலும் மருந்துக்கடை அலமாரியிலும் முடிவாகிறது.

அதனால்தான் பாறு பாதுகாப்பு வட்டம் என்ற யோசனை வந்தது. கூடுகள் இருக்கும் இடத்தை மையமாக வைத்து சுமார் 100 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள மருந்துக்கடைகள், கால்நடை மருத்துவர்கள், மாடு வளர்ப்பவர்கள் எல்லோரையும் சந்தித்து, ஆபத்தான வலிநிவாரணிகள் அந்த வட்டத்துக்குள் புழங்காமல் பார்த்துக்கொள்வது. நேபாளத்தில் சித்வன் காட்டை ஒட்டிய பித்தௌலி கிராமத்தார் இன்னொன்றும் செய்தார்கள். பால் வற்றிய வயதான மாடுகளை வாங்கி, ஆபத்தான மருந்து எதுவும் தராமல் கடைசிவரை பராமரித்து, இயற்கையாக இறந்த பிறகு பாறுகளுக்கு வைத்தார்கள். ஜடாயு உணவகம் என்று பெயர். நேபாளத்தில் பாறுகள் மெல்ல மீண்டு வருகின்றன.

இந்தியாவில் ஹரியானாவின் பிஞ்சோரில் 2001ல் தொடங்கிய பராமரிப்பு மையம் பிறகு இனப்பெருக்க மையமானது. மேற்கு வங்கம், அசாம், மத்தியப் பிரதேசத்திலும் இப்படி மையங்கள் உண்டு. அங்கே வளர்க்கும் பறவைகள் ஒரு சேமிப்பு மாதிரி. ஆனால் வெளியே மருந்து இருக்கும்வரை அவற்றைத் திறந்துவிடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது.

தமிழ்நாட்டில் நமக்கு மிஞ்சியிருப்பது மாயாற்றுப் பள்ளத்தாக்கு. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே, ஆற்றோர நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தென்னிந்தியாவில் அவற்றின் மிக முக்கியமான கூட்டிடம் இது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்க் கால்நடை வளர்ப்போரிடமும் கடைக்காரர்களிடமும் பேசிவரும் வேலையை அருளகம் அமைப்பு பல ஆண்டுகளாகச் செய்கிறது. 2022ல் தமிழ்நாடு அரசு பாறுகளுக்கென மாநிலக் குழு அமைத்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும் அதே ஆண்டு டிசம்பரில் 320ம் தென்பட்டன. இதை வைத்து பத்து மாதத்தில் 74 கூடிவிட்டன என்று கொண்டாட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை அந்த வேகத்தில் பெருகாது. பார்த்த இடங்களும் பார்த்த பருவமும் மாறியிருக்கும். இருப்பவை அங்கே தாக்குப்பிடிக்கின்றன என்பதே நல்ல செய்தி.

மாடு வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியவை

மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் நீங்களே ஊசி வாங்கிப் போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம், "மெலாக்சிகாம் போதுமா டாக்டர்?" என்று கேளுங்கள். பெரும்பாலான வலிக்கும் வீக்கத்துக்கும் அது போதும். குப்பியின் மேல் எழுதியிருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள், கம்பெனி வைத்த பெயரை மட்டும் இல்லை, கீழே சின்ன எழுத்தில் இருப்பதை. டைக்ளோஃபீனாக், அசிக்ளோஃபீனாக், கீட்டோப்ரோஃபேன், நிமசுலைடு, ஃப்ளூனிக்சின், இந்த ஐந்தில் ஒன்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஊசி போட்ட மாடு ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டால், என்ன ஊசி என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், திறந்த வெளியில் போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மருந்தே போடாமல் வயதாகி இறந்த மாடு என்றால் அது பாறுகளுக்கு நல்ல சாப்பாடு. மாயாற்றுப் பக்கத்து ஊர்களில் அதை எங்கே போடலாம் என்று வனத்துறையினரைக் கேட்டால் சொல்வார்கள். காட்டில் தானாக இறந்த மானையும் யானையையும் அங்கேயே விட்டுவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கிட்டே போனாலும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பாறு ஒன்றைக் கண்டால் விரட்டாதீர்கள், தண்ணீர் புகட்டவும் முயல வேண்டாம். நாய் அண்டாமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் சடலம் ஏதும் கிடந்தால் அதையும் காட்டுங்கள். அதிலிருந்து எடுக்கும் ஒரு துண்டு ஈரலில்தான் எந்த ஊசி என்பது தெரியவரும்.